இரண்டு விரல் இடைவெளி

செயின்ட் கிளவுட்
ஜூன் 11, 1984

அலாய்ஸ்,

‘அன்புள்ள அண்ணா’ என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

என் பை உன்னிடம் இருக்கிறது. மே பதின்மூன்றாம் தேதி என்னை பேஸ்பால் மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். நீ என் பையை மட்டும் உன் டிரக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாயாம், அம்மா சொன்னாள். தங்கையை ஏற்ற இடமில்லை, தங்கையின் பைக்கு இடம் இருந்திருக்கிறது.

அதை அனுப்பி வை. உள்ளே முகக்கவசம், நெஞ்சுக்கவசம், முழங்கால் கவசம், இரும்பு முனை வைத்த ஷூ, மட்டைக்காரன் காலடியில் தரையில் பதித்த தட்டைத் துடைக்கிற சின்னத் தூரிகை எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்பேன்.

என் காறையெலும்பு கூடிக்கொண்டு வருகிறது. நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெண்ணெய்ப் பண்ணை ஆபீசில் ஒரு கையால் தட்டச்சு அடிக்கிறேன். போன வாரம் லீக் செயலாளர் ஃபெர்டி போன் செய்தார். “இத பாரு வெரீனா, ஜூலை பதினஞ்சுக்குள்ள உன் உடம்புக்குப் பொருந்துற கவசத்தோட வந்து என் முன்னால நில்லு. இல்லேன்னா தட்டுக்குப் பின்னால உன்ன நிறுத்தவே மாட்டேன். ஓடுறவங்க வந்து நிக்கிற பேஸ் பக்கம் நின்னு ஈ ஓட்டிக்கிட்டு இரு. இன்னொரு தடவ ஒரு பொண்ணோட எலும்பு ஒடையுற சத்தத்த என்னால கேக்க முடியாது” என்றார்.

தட்டுக்குப் பின்னால் நிற்காத அம்பயரை மாநிலப் போட்டிக்கு அனுப்பமாட்டார்கள். இந்த வருடம் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஊர் ஊராகத் திட்டு வாங்கி வாங்கிச் சேர்த்த பெயர் அது. நீயும் திட்டியிருக்கிறாய். அம்மாவும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்டியிருக்கிறாள்.

இன்னொன்று. அன்றைக்கு இரண்டாவது சுற்றில் ஒரு பந்து மட்டையில் உரசி என் முகக்கவசத்தில் அடித்தது. காது அடைத்துப்போய்விட்டது. அம்பயருக்கு அடிபட்டால் அவருக்கு முன்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சர் எழுந்து பந்து எறிகிறவனிடம் போய் எதையாவது பேசிக்கொண்டு நிற்பான். அம்பயருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். எந்த ஊர்க் கேட்சரும், எந்தக் குடிகாரனும் அதைச் செய்வான். நீ அசையவில்லை. “ஆட்டத்த நடத்து” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்.

எலும்பு உடைந்தது ஐந்தாவது சுற்றில். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

பையை அனுப்பு.

வெரீனா

*

செயின்ட் வால்பர்க்
ஜூன் 16

வெரீனா,

பால் லாரிக்காரனிடம் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முகக்கவசம், ஷூ, தூரிகை மூன்றும் உள்ளே இருக்கின்றன.

முழங்கால் கவசம் வராது. அது என்னுடையது, பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியது. நீ கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய். கேட்சர் கால்சட்டைக்கு வெளியே கட்டுகிற சாமான் அது. அம்பயர் என்றால் உள்ளே போட வேண்டும் என்று நீ அதைக் கால்சட்டைக்குள் திணித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து, அடுப்புப் புகைக்குழாய் ரெண்டு நடந்து வருது என்று நம் ஊரே சிரித்தது. எனக்குத்தான் தலைகுனிவு.

நெஞ்சுக்கவசத்தை எரித்துவிட்டேன். கேட்காதே.

போன ஆகஸ்டில் நீ செய்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கடைசிச் சுற்று, ரெண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் நம் ஆட்கள், ஒரே ஓட்டம் வித்தியாசம். ரெண்டு ஸ்ட்ரைக் ஆகி மட்டையோடு நிற்கிறேன். அந்தப் பந்து தட்டுக்கு வெளியே போயிற்று. ஒரு பீர் டப்பா அகலத்துக்கு வெளியே. அதனால்தான் அடிக்காமல் விட்டேன்; தட்டின் மேல் வந்ததை விட்டால்தானே ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால்தானே அவுட்? நீ கையைத் தூக்கி ‘ஸ்ட்ரைக், அவுட்’ என்றாய். சொந்த அண்ணனை. எதிர்த்து ஆடிய லேக் ஆடில்காரர்கள் மைதானத்தில் உருண்டு புரண்டார்கள். அதற்குப் பிறகு தீவனக் கடைக்குப் போனால்கூட “என்ன அலாய்ஸ், தங்கச்சி சௌக்கியமா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

உனக்கு இந்த வேலை எதற்கு? கை கூடியதும் ஒழுங்காகத் தட்டச்சைப் பார். அம்மா உன்னை நினைத்து அழுகிறாள்.

மாடு கறக்க நேரமாகிவிட்டது.

அலாய்ஸ்

*

ஜூன் 22

அலாய்ஸ்,

எரித்துவிட்டாயா? என் சம்பளத்தில் நான் வாங்கியதை எரிக்க நீ யார்? அவ்வளவு வெறி எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அம்மா அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் நேற்று போனில் கேட்டேன். “நான் எதுக்குடி அழணும்? அவன்தான் சோறு எறங்காம உக்காந்திருக்கான்” என்றாள்.

நீ எரித்ததும் நல்லதற்குத்தான். அது என் உடம்புக்கு என்றைக்குமே பொருந்தியதில்லை. ஆண்களுக்குச் செய்தது. தட்டையான பலகை மாதிரி இருக்கும். எல்லாமே அப்படித்தான். ஷூவில் ரெண்டு சாக்ஸும் ஒரு செய்தித்தாளும் திணித்தால்தான் என் கால் நிற்கும்.

வியாழக்கிழமை இங்குள்ள விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது.

“வீட்டுக்காரருக்காங்க?”

“எனக்கு.”

“ஓ, சாஃப்ட்பால் ஆடுறீங்களா?”

“ஆடல. அம்பயர். பேஸ்பால்.”

“டுவெய்ன்! டேய் டுவெய்ன்! இங்க வாடா, இந்த அக்கா அம்பயராம்டா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினான். டுவெய்ன் வந்து, மிருகக்காட்சிசாலைக்கு வந்தவன் மாதிரி நின்று பார்த்தான்.

பெரிய அளவு போட்டுப் பார்த்தேன். நெஞ்சில் தூக்கிக்கொண்டு தொங்கிற்று. சின்ன அளவு போட்டால் வயிறு முழுக்க வெளியே. கடைசியில் பெண்களுக்கான இடுப்புக் கவசம் வேண்டும் என்று கேட்டேன். கல்லாக்காரனுக்குக் காது சிவந்துவிட்டது. “அது நாங்க வெக்கிறதில்லீங்க. உங்களுக்கு அங்க என்ன...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். “எனக்கு அங்க எலும்பு இருக்கு தம்பி. வர்ற பந்துக்கு ஆளு யாருன்னு தெரியாது” என்றேன். டுவெய்ன்தான் சிரித்துவிட்டு, பொருள் பட்டியல் புத்தகத்தில் தேடி எழுதிப் போட்டுக் கொடுத்தான். பத்து நாளில் வருமாம்.

நெஞ்சுக்கவசம் கிடைத்துவிட்டது. சாஃப்ட்பால் கேட்சர் பெண்கள் போடுவது. வளைவு எல்லாம் வேண்டிய இடத்தில் இருக்கிறது. கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தேன். எனக்கென்றே தைத்தது போல அப்படியே ஒட்டிக்கொண்டது. லேசாகவும் இருக்கிறது. மேலே நீலச் சட்டையைப் போட்டால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. ஃபெர்டியிடம் இதைப் போட்டுக்கொண்டுதான் போய் நிற்கப்போகிறேன்.

உன் முழங்கால் கவசத்தை நீயே வைத்துக் கும்பிடு.

வெரீனா

பி.கு. அந்தப் பந்து தட்டின் மேல்தான் வந்தது.

*

ஜூன் 26

வெரீனா,

உனக்கு மூளை இருக்கிறதா?

சாஃப்ட்பால் சாமானா வாங்கினாய்? அது வெறும் பஞ்சு. அந்தப் பெண்கள் எறிகிற பந்து வேறு. நம் அணிக்குப் பந்து எறிகிற நோர்பின் பந்து வேறு. உன் கடிதம் வந்த மறுநாள் சோளவிதை வாங்க செயின்ட் கிளவுட் வந்தேன். அதே கடைக்குப் போனேன். அதே பஞ்சை ஒன்று வாங்கி வந்தேன். (உன் டுவெய்ன் “நீங்களும் அம்பயரா சார்?” என்று கேட்டான். அறையலாம் போல இருந்தது.)

ஓட்ஸ் மூட்டை ஒன்றைத் தொழுவத்துக் கதவில் கட்டி, அதன்மேல் இதை மாட்டிவிட்டு, அறுபது அடியிலிருந்து நோர்பை எறியச் சொன்னேன். முதல் பந்தில் மூட்டையில் கை நுழைகிற பள்ளம் விழுந்தது. மூன்றாவதில் மூட்டை கிழிந்து ஓட்ஸ் தரையெல்லாம் கொட்டிற்று. கோழிகளுக்கு உன் புண்ணியத்தில் விருந்து. கவர் உள்ளே அந்தப் பஞ்சில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், பார்.

கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தாளாம்! நேராக நின்றுகொண்டா ஆட்டம் நடத்துகிறாய்? கடையில் குந்திப் பார்க்க வேண்டும். குந்தி, தலையை நிமிர்த்தி, இடது தோளை முன்னால் கொடுத்து. அப்போதுதான் சாமான் எங்கே விலகுகிறது என்று தெரியும். நீ குந்தும்போது நெஞ்சுப் பக்கம் முட்டுக்கொடுத்துத் தூக்கி, இடது தோளில் காறையெலும்புக்கு மேலே ரெண்டு விரல் இடைவெளி விழும். பந்து நுழைய அது போதும்.

ஆண்கள் அளவிலேயே நடுத்தரம் வாங்கு. கெட்டித் தகடு வைத்தது. தோள் தகடு தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி பார். முதுகு வாரை நேராகக் கட்டாமல் குறுக்காகக் கட்டு. முகக்கவசத்துக்குக் கீழே தொண்டைக்குத் தொங்குகிற நாக்கு போன வருடமே உடைந்திருக்கிறது. அதை நீ கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறாய். எவ்வளவு கெட்டிக்காரி!

இதெல்லாம் உன்மேல் அக்கறையில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னொரு தடவை நீ விழுந்தால் ஊர் என்னைத்தான் பார்க்கும்.

அலாய்ஸ்

*

ஜூலை 2

அலாய்ஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பஞ்சைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மட்டுக்கும் நீ சொன்னது சரி. அதற்கு மேல் உனக்கு நன்றி கிடையாது.

ஒரு கேள்வி. நான் குந்தும்போது என் இடது தோளில் ரெண்டு விரல் இடைவெளி விழும் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் முழுக்க நீ எனக்கு முதுகு காட்டித்தானே உட்கார்ந்திருக்கிறாய்? மேலே சட்டை வேறு. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் ஒரு ஆண் பிள்ளை ரெண்டு விரல் என்று அளந்து சொல்லக்கூடிய இடமில்லை அது.

இப்போது ஐந்தாவது சுற்றைப் பற்றி எழுதுகிறேன்.

கேட்சர் தொடைக்கு நடுவில் விரல் காட்டி, இந்தப் பந்து வேண்டும் என்று பந்து எறிகிறவனிடம் சொல்வான். மட்டைக்காரனுக்குத் தெரியாது. ஆனால் அம்பயர் மேலேயிருந்து எல்லாம் பார்ப்பாள் என்பதை நீங்கள் எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். நீ ஒரு விரல் காட்டினாய். நேர் பந்து, உயரமாக, உள்பக்கம். கையுறையை அங்கேதான் பிடித்தாய். நோர்ப் எறிந்தது அதே பந்து, அதே இடம். உன் கையுறை அங்கே இருந்தது. பந்து வந்தது. கையுறை அங்கே இல்லை.

தவறவிடுகிற கேட்சரின் கை பந்தைப் பார்த்துப் போகும். உன் கை பந்தைவிட்டு விலகிப் போயிற்று. மூன்று வருடமாக ஆயிரக்கணக்கான பந்துகளைக் கையுறைக்கு மேலே நின்று பார்த்தவள் நான். அது எனக்குத் தெரியாமல் போகுமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஃபெர்டி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். “என்னம்மா நடந்துச்சு? உள்ளத சொல்லு. வேணும்னே விட்டிருந்தான்னா அவன வாழ்நாளுக்கும் லீக்லயிருந்து தூக்கிருவேன்” என்றார். விரல் சைகை குழம்பிவிட்டது, கேட்சர் வேறு பந்தை எதிர்பார்த்தார் என்று இடது கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு வலது கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்பயராக இருந்து நான் எழுதிய ஒரே பொய் அது. அதற்காக உன்னை வெறுக்கிறேன். எலும்புக்காகக்கூட இல்லை, அந்தப் பொய்க்காக.

பதில் எழுது. எழுதாவிட்டாலும் எனக்குப் பதில் தெரியும்.

வெரீனா

*

ஜூலை 9

வெரீனா,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வைக்கோல் கட்டுகிற வேலை என்று சொல்லிக்கொண்டேன். வைக்கோல் போன வியாழனே முடிந்துவிட்டது.

ஆமாம். கையை எடுத்தேன்.

நாலாவது சுற்றில் நான் மட்டையோடு வந்தபோது லேக் ஆடில்காரன் ஒருத்தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அலாய்ஸ், பாத்து நில்லுடா, தங்கச்சி கைய தூக்கிரப்போறா!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் முகக்கவசத்துக்குள்ளே சிரித்த மாதிரி எனக்குத் தோன்றிற்று. நீ சிரிக்காமலும் இருந்திருக்கலாம். அப்போதே முடிவு செய்துவிட்டேன், ஒன்று வாங்கட்டும், நெஞ்சில் ஒன்று வாங்கி சுரீர் என்று உறைக்கட்டும் என்று. கவசம் இருக்கிறது, காயம் ஆகாது என்று நினைத்தேன். நான் தினமும் அப்படி பத்து வாங்குகிறேன். எனக்குப் பொருந்துகிற கவசம் உனக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை.

நீ விழுந்ததும் உன் சட்டையின் மேல் பொத்தானை நான்தான் அவிழ்த்தேன். உனக்கு நினைவு இருக்காது. கவசம் தோளைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் என் ரெண்டு விரலும் போயிற்று. உள்ளே எலும்பு அசைந்தது. அதனால்தான் தெரியும்.

அதனால்தான் எரித்தேன். தொழுவத்தில் மாட்டி வைத்திருந்தேன். காலையும் மாலையும் மாடு கறக்கும்போது எதிரே தொங்கிற்று.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. நடுத்தர அளவு, கெட்டித் தகடு. குதிரைச் சேணம் தைக்கிறவரிடம் கொண்டுபோய் நடுத்தகட்டை ரெண்டாக வெட்டி, நடுவில் தோல் மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னேன். உன் அளவு தெரியாது. அம்மாவின் தையல் பெட்டியில் நீ சின்ன வயதில் கோவிலில் உறுதிப்பூசுதல் பெற்றபோது தைத்த கவுனின் அளவு எழுதிய சீட்டு இருந்தது. அதற்கு மேல் அம்மாவிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டேன். தோள் தகட்டை ரெண்டு விரல் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். நோர்பை எறியச் சொன்னேன். இந்தத் தடவை மூட்டையில் மாட்டவில்லை. நான் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு இறுக்கமாக இருந்தது, ஆனால் தாங்குகிறது. முழங்கால் கவசமும் அம்பயருக்கானதே வாங்கிவைத்திருக்கிறேன், மெல்லியது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று தெரியும்.

ஃபெர்டியிடம் நிஜத்தைச் சொல்வதானால் சொல். ஆனால் போன ஆகஸ்டில் வந்தது வெளிப்பந்துதான். அது வேறு விஷயம்.

அலாய்ஸ்

*

ஜூலை 12

அலாய்ஸ்,

பெட்டி வந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

என்னை உடைத்தவன் கையால் செய்ததை என் நெஞ்சில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். சேணம் தைக்கிறவர், கவுன் அளவு, அம்மாவின் பெட்டி என்று எழுதினால் நான் உருகிவிடுவேன் என்று நினைத்தாயா? நீ பதினைந்து வருடம் கேட்சராக இருக்கிறாய். உனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு உண்மையான கவசம் நீதான். மற்றதெல்லாம் நீ தவறினால் மட்டும் வேண்டியது. அது தெரிந்திருந்தும் கையை எடுத்தாய்.

மே மாதத்திலிருந்து எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஆபீசில் யாராவது கோப்பைத் தூக்கிப் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணை மூடுகிற அம்பயரை வைத்து யார் என்ன செய்வது? எலும்பு கூடிவிட்டது. இது கூடவில்லை. இதோடு மாநிலப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஃபெர்டியிடம் நேற்றுப் போய் நின்றேன். கவசம் போட்டுக்கொண்டுதான். எது என்று உனக்குச் சொல்லமாட்டேன். தட்டிப் பார்த்தார், சரி என்றார். ஜூலை இருபத்திரண்டு, செயின்ட் வால்பர்க் ஆட்டத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். “அங்கயேவா? உங்கண்ணன்தானே கேட்சர்? வேணாம்மா” என்றார். அதனால்தான் கேட்கிறேன் என்றேன். ஆட்டப் பட்டியலை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார்.

நீ என் முன்னால் குந்தி உட்காருவாய். நான் சட்டைக்குள்ளே உன் பெட்டியில் இருப்பதைப் போட்டிருக்கலாம். வேறு ஏதாவது போட்டிருக்கலாம். எதையுமே போடாமலும் வரலாம். ஃபெர்டி மைதானத்தில் யார் சட்டையையும் தூக்கிப் பார்க்கமாட்டார். சட்டைக்குள்ளே என்ன என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும் தெரியாது.

வெரீனா

*

ஜூலை 16

வெரீனா,

பைத்தியமா உனக்கு?

என்மேல் கோபம் என்றால் வந்து என்னை அடி. மட்டையைக் கொண்டுவா, கொட்டிலில் நிற்கிறேன். இப்படி விளையாடாதே. நோர்ப் எறிகிற பந்தை நான் பிடிப்பேன். எத்தனை வந்தாலும் பிடிப்பேன். ஆனால் மட்டையில் உரசித் திசை மாறி வருகிறதை எவனாலும் பிடிக்க முடியாது. உனக்கே தெரியும். அதற்குத்தான் கவசம். என் கையால் செய்தது பிடிக்காவிட்டால் வேறு வாங்கு. நான் பணம் தருகிறேன். எதையாவது போடு.

பெட்டியைப் பிரித்தாயா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அலாய்ஸ்

*

ஜூலை 24

அலாய்ஸ்,

வேண்டுமென்றேதான் உனக்கு அந்த ஒரு வரியை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் வேலியோரம் நின்றார்கள். சோடா விற்கிற மேசையில்கூட ஆள் இல்லை. அம்மா நாற்காலியை நேராகத் தட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டிருந்தாள். நீ எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குந்துவதற்கு முன் ஒரு தடவை திரும்பி என் சட்டையைப் பார்த்தாய். உன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

நீ என் முன்னால் இருந்தபோது நோர்ப் எறிந்தது நூற்று முப்பத்திரண்டு பந்து. கணக்கு எழுதுகிற பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தரையில் குத்தி வந்ததை எல்லாம் உடம்பைக் குறுக்கே போட்டு மறித்தாய். தலைக்கு மேலே போனதைக்கூட எகிறிப் பிடித்தாய். முதல் சுற்றில் எனக்குக் கண் மூடிக்கொண்டது, ரெண்டு தடவை. நாலாவது சுற்றுக்கு மேல் மூடவில்லை.

ஆறாவது சுற்று. மட்டையில் உரசிய பந்து உன் கையுறை நுனியைத் தொட்டுவிட்டு நேரே என்மேல் அடித்தது. அதே இடது தோள், அதே இடம். நீ முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பினாய். “வெரீ...” என்று சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி ஆரம்பித்தாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். “ஆட்டத்த நடத்து.”

அதற்குப் பிறகு நீ எழுந்து நோர்பிடம் போனாய். தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாய். நிமிடக்கணக்கில் நின்றாய். எதிர்க் கோஷ்டிக்காரன் ஒருவன், “அங்க என்னடா, கல்யாணமா பேசுறீங்க?” என்று கத்தினான். அப்போதும் நீ வரவில்லை. நான் நிமிர்ந்து மூச்சு சரியாகிற வரைக்கும் வரவில்லை.

எட்டாவது சுற்றில் தரையில் பட்டு எழும்பிய பந்தைக் கையுறை போகாத பக்கம் வெறும் வலது கையால் மறித்தாய். அது என் தொடைக்கு வந்த பந்து. கட்டைவிரல் திரும்பிய திசையைப் பார்த்தேன். தட்டில் ஒரு மணல்கூட இல்லை. நான் தூரிகையை எடுத்துக் குனிந்து மூன்று தடவை துடைத்தேன். “தட்ட தொடைக்கிறியா, இல்ல தாலாட்டுறியாடி?” என்று அம்மாதான் பின்னாலிருந்து கத்தினாள்.

ஒன்பதாவது சுற்றில் நீ அந்தக் கையோடு மட்டை பிடித்து வந்தாய். மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாய். அவுட் கொடுத்தேன். தட்டின் மேல் வந்தது. ஆரம்பிக்காதே.

வெரீனா

*

ஜூலை 27

வெரீனா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கிய மாதிரிதான் இருக்கும். வலது கை மாவுக்கட்டு. ஆறு வாரம். மாடு கறக்க நோர்ப் வருகிறான்.

அது வெளிப்பந்து. இதுவும்.

ஆறாவது சுற்றில் உன்மேல் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தகட்டில் பட்ட சத்தமா, எலும்பில் பட்ட சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. நோர்பைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை.

உள்ளே என்ன போட்டிருந்தாய்?

அலாய்ஸ்

*

ஜூலை 30

அலாய்ஸ்,

நீ செய்ததைத்தான். ஃபெர்டியிடம் போய் நின்ற அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தேன். உன் பெட்டி வந்த அன்றே பிரித்துவிட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு, போட்டு, குந்திப் பார்த்தேன், நீ எழுதிய மாதிரியே தலையை நிமிர்த்தி, இடது தோளை முன்னால் கொடுத்து. ரெண்டு விரல் அல்ல, ஒரு விரல்கூட நுழையவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

எனக்கு எலும்பு வேண்டும். வெறும் சட்டையோடு போய் நிற்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அது உனக்குத் தெரியக்கூடாது என்று இருந்தேன். பந்துக்குப் பந்து பயப்படுவது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரிய வேண்டும், ஒன்பது சுற்றாவது. தெரிந்ததா?

மாநிலப் போட்டிக்கு என் பெயரை ஃபெர்டி அனுப்பிவிட்டார். உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்று கேட்டு எழுதாதே.

இடது தோள் வார் மட்டும் கொஞ்சம் இறுக்கம், சிவந்து தடித்துவிடுகிறது. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஊருக்குக் கொண்டுவருகிறேன். ஒரு கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தளர்த்திக் கொடு. முடிச்சை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ரெண்டுமே ஸ்ட்ரைக்தான்.

வெரீ